பழனாத்தாள் ஓட்டை போட்ட அட்டை

எருத்தேன்பதியில் பழனாத்தாளிடம் பேச்சுக் கொடுத்து அவள் எண்ணிக்கையைக் கெடுத்தவர் ஒருவரும் கிடையாது. கெடுக்கப் பார்த்தவர்கள் உண்டு. களத்தில் அவள் வள்ளத்தால் நெல் அளக்கும்போது பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் பிறந்த வீட்டு எருமை கன்று போட்டுவிட்டதாம் என்பார்கள். அவளும் கன்று கிடாவா கிடாரியா, தாய் நல்லபடியாக இருக்கிறதா, சீம்பால் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று முழு விவரமும் கேட்டுக்கொள்வாள். கேட்டு முடித்து, "அறுபத்தி மூணு" என்று அடுத்த வள்ளத்தைச் சாய்ப்பாள். அது அறுபத்து மூன்றாகத்தான் இருக்கும்.

வேறு பெருமை என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் போனதில்லை. அவள் வைக்கும் ரசத்தை அவள் பெற்ற பிள்ளைகளே ஒரு வாய் குடித்துவிட்டு மோர் கேட்பார்கள். ஆனால் அறுப்பு வந்துவிட்டால் வேலந்தாவளத்துப் பக்கத்திலிருந்துகூட வண்டி அனுப்பி அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பாகம் பிரிந்து, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத அண்ணன் தம்பியாக இருந்தாலும், பழனாத்தாள் எண்ணினால் மறுபேச்சு கிடையாது. அந்தப் பெயர் ஒன்றுதான் அவள் சொத்து.

அவள் புருஷன் குப்பண்ணன் வேறு மாதிரி. இருபது வரை எண்ணுவதற்குள் அவருக்கு இரண்டு புது யோசனை வந்துவிடும். பொள்ளாச்சிப் பக்கத்தில் போர்வை நெய்யும் ஆலை ஒன்றில் பதினொரு வருஷம் பிட்டராக இருந்தார். ஆலையை மூடியபோது மற்றவர்கள் ஆளுக்கு ஒரு ஜோடிப் போர்வை வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். இவர் ஒரு பழைய ஜக்கார்டு பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பூப்போட்ட போர்வை நெய்யும் தறியின் தலைமேல் இருக்குமே, அந்தப் பெட்டி. ஓட்டை போட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் போகும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி இறங்கும், இல்லாத இடத்தில் நிற்கும். எந்த நூலைத் தூக்குவது என்று தறி அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். நெய்கிறவனுக்கு மயில் போடத் தெரிய வேண்டியதில்லை, அட்டைக்குத் தெரிந்தால் போதும்.

அதே வருஷம் கோயமுத்தூரில் ஒரு பொருட்காட்சிக்குப் போனார். காகித நாடாவில் ஓட்டை போட்டுக் கொடுத்தால் இரும்பைத் தானே அளந்து தானே வெட்டும் சீமை மிஷின் ஒன்று அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது. கூண்டில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நின்றவரைக் காவலாளி மூன்று முறை வெளியே அனுப்பினார். மூன்று முறையும் புதுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வீட்டுக்கு வந்ததும், இரும்பை வெட்டுகிற யோசனை பலகையை வெட்டாதா என்று பழனாத்தாளிடம் கேட்டார். கடலைக்காய்க்கு இன்றைக்காவது தண்ணீர் பாய்ச்சுவதாக உத்தேசம் உண்டா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அந்த வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கும்.

மிஷின் உருவாக இரண்டு வருஷம் ஆயிற்று. மாடு கட்டும் கொட்டகையான கட்டுத்தறியில்தான் அதற்கு இடம். வட்ட ரம்பம் ஒன்று, அதை ஓட்டக் கிணற்று மோட்டார், இரண்டுக்கும் நடுவே ஒரு பெல்ட்டு. ரம்பத்துக்கு எதிரே, பலகையை முட்டவைக்க ஒரு தடுப்பு. ரம்பத்திலிருந்து அந்தத் தடுப்பு எவ்வளவு தூரம் நிற்கிறதோ அதுதான் பலகையின் அளவு. தடுப்பைக் கையால் நகர்த்தக் கூடாது என்பது குப்பண்ணனின் வைராக்கியம். ஜக்கார்டு பெட்டிதான் நகர்த்தும். அட்டையில் ஒரு ஓட்டை வந்தால் ஊசி இறங்கி, தடுப்பு 'டக்' என்று அரை அங்குலம் பின்னால் போகும். இருபத்தெட்டு ஓட்டை என்றால் இருபத்தெட்டு டக்கு, பதினாலு அங்குலம். அளவு நாடா வேண்டாம், பென்சில் வேண்டாம், காதில் பென்சில் செருகிய ஆசாரியும் வேண்டாம்.

ஊர்க்காரர்கள் அதற்குக் கம்பீட்டர் என்று பெயர் வைத்தார்கள். கிண்டலுக்கு வைத்த பெயரைக் குப்பண்ணன் பட்டம் மாதிரி வாங்கி மாட்டிக்கொண்டார். கம்பீட்டர் ஓடும் நாளில் கடலைக்காய் காயும். கடலைக்காய்க்குத் தண்ணீர் போகும் நாளில் கம்பீட்டர் சும்மா கிடக்கும். கரண்ட் இல்லாத நாளில் குப்பண்ணன் இரண்டுக்கும் நடுவே நின்று அரசாங்கத்தைத் திட்டுவார். காளைகள் புளியமரத்தடிக்குக் குடிபோய்விட்டன, மழைக்குத் தென்னங்கீற்று வேய்ந்து கொடுத்தது பழனாத்தாள்தான்.

இத்தனையும் எதற்கென்றால், சட்டமில்லாத அலமாரி செய்வதற்கு. ஆசாரிகள் அலமாரி செய்தால் முதலில் நான்கு பக்கமும் மரச்சட்டம் கூட்டி, பிறகு அதில் பலகை அடைப்பார்கள். பலகை ஒரு நூல் அளவு முன்னே பின்னே இருந்தாலும் சட்டம் மறைத்துவிடும். குப்பண்ணனின் அலமாரியில் மறைக்க ஒன்றும் கிடையாது. பிளைவுட் பலகைதான் சுவர், அதுவேதான் தூணும். பலகையும் பலகையும் நேராக முட்டித் திருகாணியில் நிற்க வேண்டும். இரண்டு கதவும் முன்பக்கம் முழுவதையும் மூடி விளிம்போடு விளிம்பு பொருந்த வேண்டும். அளவு சரியாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு அலமாரி நின்றுவிடும். சரியில்லை என்றால் விறகுக்குத்தான்.

முதல் அலமாரிக்கு அட்டையில் ஓட்டை போட்டவர் குப்பண்ணனே. ஒன்பது நாள் ஆயிற்று. முப்பதாவது ஓட்டைக்குப் பக்கத்தில் யாராவது வருவார்கள், அவர் பேசுவார், எண்ணிக்கை போய்விடும், அட்டை அடுப்புக்குப் போகும். அந்த ஒன்பது நாளும் வீட்டில் வெந்நீருக்குப் பஞ்சமில்லை. பத்தாம் நாள் அலமாரி நின்றது. கதவு மூடியபோது வீட்டுக்கு வந்த விருந்தாளி தொண்டையைச் செருமுவது போல மெல்லிதாக ஒரு சத்தம் வந்தது. ஊரே வந்து திறந்து மூடிப் பார்த்ததில் சாயங்காலத்துக்குள் ஒரு கீல் தளர்ந்துவிட்டது.

அந்த அலமாரியைப் பார்த்தவர்களில் சிலுவைராஜ் என்பவரும் ஒருவர். கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் கீப்பர். தோட்டத்து லாரி கோவிந்தாபுரம் வரை வந்த இடத்தில் விஷயம் கேள்விப்பட்டு, எருத்தேன்பதிக்கும் வந்துவிட்டார். ஆள் தொடாமல் தடுப்பு டக் டக்கென்று பின்னால் போவதைப் பார்த்ததும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு காரியத்துக்கு வந்தார். தோட்டத்தில் பிள்ளைகளுக்கு விடுதி கட்டியிருக்கிறார்கள், ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது இருபத்து நான்கு பிள்ளைகள் வந்து தங்குவார்கள், ஆளுக்கு ஓர் அலமாரி வேண்டும். முன்பு ஒரு தடவை கம்பத்திலிருந்து அலமாரி ஏற்றியதில், லாரிக்கு ஆறுதான் பிடித்தது. மலை வளைவுகளில் ஆடி ஆடி, மேலே போய்ச் சேர்ந்தபோது ஆறுக்கும் சேர்த்துப் பதினைந்து கால்தான் இருந்தது.

குப்பண்ணனுக்குக் கண் மின்னியது. சட்டம் இல்லாததால் தன் அலமாரியைப் பலகையாகவே அடுக்கி அனுப்பலாம், இருபத்து நான்கும் ஒரே லாரியில் போகும், மேலே போய்த் திருகாணி முடுக்கினால் ஆயிற்று என்றார். மே மாதக் கடைசியில் கொடுப்பதாக வாக்கும் கொடுத்துவிட்டார். விடுதிக்கு வேண்டிய அளவு வேறு என்பதும், எல்லா அட்டைகளையும் புதிதாகப் போட வேண்டும் என்பதும், தான் போட்டால் மே மாதத்துக்குள் முடியாது என்பதும் சிலுவைராஜ் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் அவர் பழனாத்தாள் வைத்த ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். என்னமோ இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இந்தா புள்ள, ஊரு நெல்லையெல்லாம் எண்ணிக் குடுக்கறே. என்ற அட்டைக்குக் கொஞ்சம் எண்ணிக் குடுக்க மாட்டியா" என்று கேட்டார்.

அவளுக்கு அந்த மிஷினைப் பிடிக்காது. ஆனால் கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் தன் எண்ணிக்கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அட்டையைக் கட்டைமேல் வைத்து, துளைக்கும் இரும்பை வைத்து, சுத்தியால் ஒரு தட்டு. எல்லோரையும் போல லாபத்தில் தொடங்கினாள். நெல்லோ கடலைக்காயோ, அந்தப் பக்கத்தில் அளக்கிறவர்கள் 'ஒன்று' என்று வாயெடுக்க மாட்டார்கள், 'லாபம்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். இடையில் பால்காரர் வந்தார், ஓரகத்தி வந்து மாமியாரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள், காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப் பிடிபட்டது. எதற்கும் எண்ணிக்கை சிதறவில்லை. நான்கே நாளில் எல்லா அட்டையும் முடிந்தது, அடுப்புக்கு ஒன்றுகூடப் போகவில்லை.

பிறகு பன்னிரண்டு நாள் கம்பீட்டர் ஓடியது. பலகைகள் வரிசை வரிசையாக அடுக்கில் ஏறின. ஒன்றை மட்டும் பூட்டிப் பார்த்துவிட்டு அனுப்பலாமே என்று பழனாத்தாள் சொன்னாள். நேரமில்லை என்றார். சரி, அளந்தாவது பார்க்கலாம் என்றாள். குப்பண்ணன் அவளை ஏதோ கோயிலுக்குள் செருப்போடு வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். மிஷின் அறுத்ததை நாடா வைத்து அளப்பது மிஷினை அவமானப்படுத்துவது என்றார். நாடாவை அவர் ஏற்கெனவே பரணில் தூக்கிப் போட்டிருந்தார்.

பலகை ஏற்ற வந்த தோட்டத்து லாரியை ஓட்டியவர் பெரியமுத்து. வாய் ஓயாத மனிதர். பலகைக்கு நடுவே பழனாத்தாளும் ஏறிக்கொண்டாள். திருகாணிகளை எண்ணி எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று குப்பண்ணன் சொன்னது ஒரு காரணம். தன் அட்டையால் அறுபட்டது அலமாரியாக நிற்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இன்னொன்று, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. உடுமலை, பழனி, தேனி, கம்பம் என்று போய், வளைவுகளில் ஏறி மேலே சேர்ந்தபோது மேகம் தரையிலேயே நடந்துகொண்டிருந்தது. ஒரு பலகைகூட உடையவில்லை.

மறுநாள் காலை விடுதிக் கூடத்தில் முதல் அலமாரியைப் பூட்டினார்கள். பக்கப் பலகை நின்றது, மேல் பலகை உட்கார்ந்தது, தட்டுகள் ஐந்தும் கச்சிதமாக இறங்கின. குப்பண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். கடைசியாக இரண்டு கதவையும் கீலில் மாட்டினார்கள். சிலுவைராஜ் இடது கதவை மூடினார், மூடியது. வலது கதவை மூடினார், இடது கதவு திறந்துகொண்டது. இடதை மறுபடி அழுத்தினார், வலது வந்து அவர் நெற்றியில் தட்டியது. இரண்டையும் ஒரே சமயத்தில் தள்ளினால் நடுவில் இரண்டும் முட்டிக்கொண்டு, ஒரே அடுப்பில் சமைக்கிற இரண்டு ஓரகத்திகள் மாதிரி விறைத்து நின்றன.

இரண்டாவது அலமாரியும் அப்படியே. மூன்றாவதில் குப்பண்ணன் முழங்காலால் உதைத்துப் பார்த்தார். நான்காவதைப் பூட்டவில்லை. தோட்டத்துத் தச்சரிடம் நாடா வாங்கி அளந்தார்கள். அலமாரியின் அகலம் இருபத்தெட்டரை அங்குலம், கதவு இரண்டும் சேர்ந்து இருபத்தொன்பது. எல்லா அலமாரியின் பலகையிலும் அதே கதை, அதே அரை அங்குலம். பள்ளிக்கூடம் திறக்க ஐந்து நாள் இருந்தது.

குப்பண்ணன் ஸ்டோர் வராந்தாவில் போய் ஒரு சாக்குமேல் உட்கார்ந்துவிட்டார். பழனாத்தாள் டீ வாங்கிக்கொண்டு போனாள். அவர் டம்ளரைக் கையில் வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"மிஷினு ஏமாத்திருச்சு புள்ள" என்றார். "நான்தான் கோட்டிக்காரன் மாதிரி அதை நம்பிட்டேன். ஊருக்குப் போனதும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுர்றேன். மாட்டைக் கொண்டாந்து அங்கயே கட்டிக்க."

இரண்டு வருஷமாகப் பழனாத்தாள் காத்திருந்த வார்த்தை அதுதான். கட்டுத்தறி திரும்பக் கிடைக்கும், கடலைக்காய்க்குத் தண்ணீர் கிடைக்கும், காளைகள் நனையாது. ஆனால் அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. ஆலை மூடியபோதுகூட அவர் அப்படி உட்கார்ந்ததில்லை.

வராந்தாவின் மறுகோடியில் தோட்டத்து அரிசி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்னாள் என்ற பெண் படியால் அளந்து கொட்டிக்கொண்டிருந்தாள். எங்கேயாவது அளக்கிற சத்தம் கேட்டால் பழனாத்தாளின் காது தானாக அந்தப் பக்கம் போய்விடும். அன்னாளும் பழனாத்தாளைப் போலத்தான் லாபத்தில் தொடங்கினாள். "லாபம்" என்று ஒரு படி கொட்டினாள். "ரெண்டு" என்று அடுத்ததைக் கொட்டினாள்.

பழனாத்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பெண் ஒன்றை முழுங்கிவிட்டாளே என்று முதலில் நினைத்தாள். அடுத்த ஆளுக்கும் அன்னாள் அப்படியே எண்ணினாள், லாபம், ரெண்டு, மூணு. வரிசையில் நின்ற யாரும் சண்டைக்கு வரவில்லை. அப்போதுதான் அவளுக்குத் தன் அட்டை ஞாபகம் வந்தது.

பழனாத்தாள் பிறந்த வீட்டில் முதல் வள்ளம் சாமிக்கு. அதை லாபம் என்று சொல்லித் தனியாக ஒரு குவியலாகக் கொட்டுவார்கள், கோயிலுக்குப் போய்விடும். கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்கும், லாபம், ஒண்ணு, ரெண்டு. அவள் அளக்கும் எல்லாக் களத்திலும் அந்த முதல் வள்ளம் தனியாகத்தான் கிடக்கும், அதனால் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. ஆனால் அட்டையில் சாமிக்கென்று தனிக் குவியல் கிடையாது. அவள் லாபம் என்று சொல்லித் தட்டியதும் ஓர் ஓட்டைதான். மிஷின் அதற்கும் ஒரு டக்கு பின்னால் போயிருக்கிறது. பக்கப் பலகையில் அரை அங்குலம் கூட, மேல் பலகையில் அரை அங்குலம் கூட, தட்டிலும் கூட. எல்லாம் ஒரே போல வளர்ந்ததால் ஒன்றோடொன்று ஒத்துப்போய்விட்டன. கதவு மட்டும் ஒரே முகத்துக்கு இரண்டு. அலமாரிக்கு ஒரு லாபம், கதவுக்கு இரண்டு லாபம்.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பேசாமல் இருந்துவிடலாம். அவள் சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியப் போவதில்லை. மிஷின் வந்து சாட்சி சொல்லாது. சொல்லிவிட்டால், பழனாத்தாள் எண்ணிக்கையில் தப்புவிட்டாள் என்ற பேச்சு அறுப்புக்கு முன்பே வேலந்தாவளம் வரை போய்விடும். பிறகு எந்தக் களத்திலிருந்து வண்டி வரும்? ஒரு டம்ளர் டீ ஆறிப் போகும் நேரம் அவள் யோசித்தாள். அந்தப் பக்கம் குப்பண்ணன் இன்னும் டீயைக் குடிக்கவில்லை.

எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, மிஷின் மேல தப்பில்லீங்க. நான்தான் தப்பா எண்ணிப் போட்டனுங்க."

குப்பண்ணன் தலையைக் கூடத் தூக்கவில்லை. தன்னைத் தேற்றுவதற்காக அப்படியெல்லாம் பேச வேண்டாம் என்றார். அவள் மறுபடி சொன்னாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சூரியன் மேற்கே உதித்தாலும் நீ எண்ணுவது தப்பாது, இரும்புச் சனியன் ஒன்றுக்காக உன் பெயரை நீயே கெடுத்துக்கொள்ளாதே என்றார். தான் தப்புச் செய்ததாக அவளும், அவள் தப்பே செய்யமாட்டாள் என்று அவரும் குரலை உயர்த்தியதில், அரிசிக்கு நின்ற வரிசை முழுவதும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் இப்படி ஒரு சண்டையை அவர்கள் கேட்டதில்லை. சிலுவைராஜ் நெற்றியில் துணியை ஒற்றிக்கொண்டு வந்து நின்றார்.

இனிப் பேசிப் பயனில்லை என்று பழனாத்தாளுக்குத் தெரிந்துவிட்டது. நேராக அன்னாளிடம் போய்ப் படியைக் கேட்டாள். வரிசையில் முதலில் நின்ற பெண்ணின் பைக்குப் பத்துப் படி அளப்பதாகச் சொன்னாள். லாபம் என்று ஒரு படி கொட்டினாள். ஒண்ணு, ரெண்டு என்று தொடங்கி, பத்தில் நிறுத்தினாள். எண்ணிக்கை சிதறவில்லை. பிறகு அன்னாளிடம், நீ திருப்பி அளந்து பார் தாயீ என்றாள்.

அன்னாள் அளந்தாள். லாபம், ரெண்டு, மூணு என்று பத்து வரை போயும், பைக்குள் இன்னும் அரிசி இருந்தது.

"பதினொண்ணு இருக்குக்கா. ஒரு படி கூடுதலா போட்டிருக்கீகளே" என்றாள்.

வரிசை முழுவதும் பையை எட்டிப் பார்த்தது. பிறகு இனிமேல் இந்த அக்காவே அரிசி அளக்கட்டும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஆமாம் ஆமாம் என்று வரிசை முழுவதும் பிடித்துக்கொண்டது. அன்னாளிடம் இத்தனை வருஷம் வாங்கியதற்கும் ஆளுக்கு ஒரு லாபம் பாக்கி என்று ஒரு கிழவர் ஆரம்பித்தார். கலவரம் ஆகிவிடும் என்று பயந்து சிலுவைராஜ் படியைப் பிடுங்கி அன்னாள் கையில் கொடுத்தார்.

குப்பண்ணன் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல அவர் முகம் மாறியது. வாய் முணுமுணுத்தது. பக்கப் பலகை, மேல் பலகை, தட்டு, கதவு என்று விரல் மடக்கிக்கொண்டே போனார். பிறகு ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

"அப்ப அது சொன்னதைத்தான் செஞ்சிருக்குது" என்றார். "ஒரு ஓட்டைகூட உடாம அறுத்திருக்குது புள்ள."

மூன்று அலமாரியின் முன்னாலும் போய் நின்று, தப்பான கதவைத் தப்பாமல் அறுத்த தன் மிஷினின் பெருமையைத் தச்சரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அவள் பெயர் என்ன ஆகும் என்பது அவர் ஞாபகத்தில் இருந்ததாகவே தெரியவில்லை. பழனாத்தாளுக்கு அழுகையாக வந்தது. சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திருகாணிகளை எண்ணி வைக்கப் போனாள். முதல் திருகாணியை எடுத்ததும் நாக்கு லாபம் என்றது. அதைக் கீழே போட்டுவிட்டு மறுபடி தொடங்கினாள்.

அலமாரிக்கு ஒரு கதவில் அரை அங்குலம் அறுத்து எடுத்தால் போதும். தச்சரிடம் இரண்டு கை ரம்பம் இருந்தது. எந்தக் கைகளுக்கு வேலை வைக்கக் கூடாது என்று இரண்டு வருஷம் பாடுபட்டாரோ அந்தக் கைகளாலேயே குப்பண்ணன் மூன்று நாள் அறுத்தார். இருபத்து நான்கு அலமாரியும் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கதவு அகலம், ஒரு கதவு ஒல்லி. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். சிலுவைராஜ் எல்லாவற்றையும் ஒரு கை தூரம் தள்ளி நின்று, நெற்றியைக் காத்துக்கொண்டே மூடிப் பார்த்தார்.

அவர்கள் பஸ்ஸில் ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பே பெரியமுத்துவின் லாரி எருத்தேன்பதி வழியாகப் போயிருந்தது. பழனாத்தாள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது டீக்கடையில் பேச்சு நின்றது. அது போதும், எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. ஓரகத்தி வந்து ஆறுதல் சொன்னாள். அதுதான் எல்லாவற்றையும்விடப் பொறுக்க முடியாததாக இருந்தது.

அட்டை போடும் இரும்பைக் குப்பண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். லாபத்தை ஒன்றாக எண்ணிப் பழகிக்கொள் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவளும் மூன்று நாள் முயன்றாள். லாபம் என்பாள், ரெண்டு என்பாள், ஒன்று எங்கே போனது என்று கை நின்றுவிடும். பன்னிரண்டுக்கு அப்புறம் பதினொன்று வந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு எண்ணிக்கை சிதறியது. அட்டையைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டு, கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

குப்பண்ணன் அதைப் பார்த்தார். நேராகக் கட்டுத்தறிக்குள் போனார். அன்று முழுக்க அங்கே தட்டும் சத்தமும் அரம் தேய்க்கும் சத்தமும் கேட்டது. என்ன செய்கிறார் என்று அவள் கேட்கவில்லை. சாயங்காலம் அவர் வெளியே வந்து, முதல் அலமாரிக்கு ஒன்பது நாள் பாடுபட்டுத் தானே போட்ட அட்டைகளையெல்லாம் எடுத்து வெந்நீர் அடுப்பில் வைத்தார். இனி அவை உதவாது என்றார். 

ஆவணியில், கன்னிக்கொய்த்து என்று அறுக்கும் முதல் போக நெல் முற்றியது. வழக்கமாக வண்டி வரும் நாட்கள் ஒவ்வொன்றாகப் போயின. பழனாத்தாள் வேலை இல்லாத வேலையெல்லாம் செய்துகொண்டு வாசலைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். ஒருநாள் காலை பத்து மணிக்கு ஆறுமுகசாமி வந்தார். ஊரில் பெரிய களம் அவருடையதுதான், பாகம் பிரிந்த தம்பியோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. அவர் வீட்டுக்குள் வராமல் கட்டுத்தறி வாசலில் நின்று, மழையைப் பற்றிப் பேசினார், உர விலையைப் பற்றிப் பேசினார். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மோர் கொண்டுவந்த பழனாத்தாள் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள்.

கடைசியில் அவர் விஷயத்துக்கு வந்தார். நாளைக்குக் களத்தில் அளக்க வேண்டும், தம்பியும் வருவான், இப்படி மலையில் ஏதோ எண்ணிக்கை தப்பிப் போனதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள், தனக்கு ஒன்றும் இல்லை, தம்பி ஏதாவது சொல்லிவிடுவானோ என்றுதான் யோசனை என்று இழுத்தார்.

குப்பண்ணன் மோட்டாரை நிறுத்தினார். ரம்பம் சுற்றி ஓய்ந்ததும் மிஷின் மேல் கையை வைத்தார்.

"தப்பு மிஷின்ல இருந்ததுங்க" என்றார். "லாபம்னா என்னன்னு அதுக்குத் தெரியலீங்க. சாமி பங்கைப் போயி பலகையில சேத்திருச்சு. இப்ப தடுப்பை ஒரு பல்லு, அரை அங்குலம், முன்னாடி தள்ளிக் கட்டிட்டனுங்க. மொத டக்கு இனிக் கணக்குல வராதுங்க. அவ எப்படி எண்ணுறாளோ அப்படித்தான் இதுவும் எண்ணுமுங்க."

ஆறுமுகசாமி மிஷினை ஒரு தடவை பார்த்தார். அப்படியா சங்கதி என்று தலையாட்டினார். நாளைக்கு ஆறு மணிக்கு வண்டி வரும், தயாராக இருக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவுக்குப் பின்னால் பழனாத்தாள் மோர்ச் செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அந்த மிஷினைப் பற்றி ஊரில் யாராவது அரை வார்த்தை குறைவாகச் சொன்னால்கூட, அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாத மனுஷர் குப்பண்ணன். இன்றைக்கு அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, அதன் காது கேட்கவே, தப்பு அதனுடையது என்று சொன்னார்.